பெட்டியில் வந்த ஆலை: ஆக்லாந்தின் அமெரிக்கக் கார்களும் சுங்கப் புத்தகமும்

கேள்வி

கார் ஆலையின் வரலாறு பெரும்பாலும் டெட்ராய்ட்டில் தொடங்கி டெட்ராய்ட்டிலேயே முடிந்துவிடுகிறது. பிக்கெட் அவென்யூவில் 1904இல் எழுந்த மூன்று மாடிச் செங்கல் கட்டடம், அங்கே 1908இல் உருவான மாடல் டி, 1910இல் ஹைலண்ட் பார்க், 1913இல் நகரும் வரிசை, பிறகு ரூஜ் ஆற்றங்கரைப் பேராலை. நாயகன் ஒருவர், ஊர் ஒன்று, கதை நேர்கோடு. ஆனால் 1920களில் ஆக்லாந்து நகரின் பார்னெல் பகுதியிலும் ஃபோர்டு கார்கள் பூட்டப்பட்டு வெளியே வந்தன. அங்கே யாரும் எஞ்சின் வார்க்கவில்லை, பல்சக்கரம் கடையவில்லை. கப்பலில் வந்த மரப்பெட்டிகளைத் திறந்து, உள்ளே இருந்ததைப் பொருத்திக் காராக்கினார்கள். நிறுவனங்களின் பெயர்களும் இடங்களும் மாறின. ஆனால் இதே வகை வேலை ஆக்லாந்தில் முக்கால் நூற்றாண்டு அளவுக்கு நடந்து, 1998இல் நின்றது.

இந்த ஆலைகளை ஆக்லாந்துக்குக் கொண்டுவந்தது எது? இத்தனை காலம் காப்பாற்றியது எது? நிறுத்தியது எது? மூன்றுக்கும் ஒரே விடை சொல்ல முடியாது என்பது என் கட்சி. கப்பல் கூலிதான் பெட்டியை உண்டாக்கியது. அந்தப் பெட்டி எந்த நாட்டிலிருந்து வர வேண்டும், எந்த ஊரில் திறக்கப்பட வேண்டும், எவ்வளவு பிரித்த நிலையில் வர வேண்டும் என்பதையெல்லாம் சுங்கத் தீர்வை முடிவுசெய்தது. ஹென்றி ஃபோர்டின் மேதைமைக்கு இந்தக் கதையில் இடம் உண்டு. ஆனால் அது முதல் அத்தியாயத்தோடு சரி.

இதுவரை சொல்லப்பட்டவை

இந்த வரலாற்றைப் பற்றி மூன்று விதமான விளக்கங்கள் புழங்குகின்றன.

முதலாவது, நிறுவனத்தின் பார்வை. மீரா வில்கின்ஸும் ஃபிராங்க் எர்னஸ்ட் ஹில்லும் சேர்ந்து எழுதி 1964இல் வெளிவந்த, ஆறு கண்டங்களில் ஃபோர்டு பரவியதைச் சொல்லும் பெருநூல் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. நிறுவனத்தின் ஆவணங்களுக்குள் புகுந்து எழுதப்பட்டது. அந்த மேசையில் உட்கார்ந்து பார்த்தால் நியூசிலாந்து ஒரு சந்தை. அங்கே இருக்கும் ஆலை சந்தையை எட்டும் கை. டேவிட் ஹவுன்ஷெல் 1984இல் எழுதிய நூல் அமெரிக்க உற்பத்தி முறையின் வளர்ச்சியை ஆராய்வதில் இன்றும் முதலிடத்தில் வைக்கத் தக்கது. ஆனால் அதன் எல்லை அமெரிக்காதான்.

இரண்டாவது, நியூசிலாந்துக்காரர்களின் பார்வை. மார்க் வெப்ஸ்டர் 2002இல் வெளியிட்ட நூல் அந்நாட்டில் 1921 முதல் 1998 வரை நடந்த கார் பொருத்தும் தொழிலைப் பதிவுசெய்கிறது. எந்த ஆலை, எந்த மாடல், எந்த ஆண்டு என்று தேடுபவருக்குக் களஞ்சியம். இவ்வகை எழுத்தில் பாசம் அதிகம். நம் ஊரில் அம்பாசடரைப் பற்றி எழுதும்போது வருகிற அதே தொனி.

மூன்றாவது, பொருளாதார வாதம். இது இரண்டு எதிரெதிர் முகாம்களாகப் பிரியும். 1958 முதல் 1965 வரை நியூசிலாந்தின் தொழில், வணிகத் துறைச் செயலராக இருந்த பொருளாதார அறிஞர் டபிள்யூ. பி. சட்ச், பாலையும் கம்பளியையும் இறைச்சியையும் மட்டும் நம்பி ஒரு நாடு பிழைக்க முடியாது, உள்நாட்டிலேயே ஆழமாக உற்பத்தி செய்ய வேண்டும் என்று வாதிட்டார். 1984க்குப் பிறகு ஆட்சிக்கு வந்த சிந்தனையோ, தீர்வைச் சுவருக்குள் வளர்ந்த தொழில் நுகர்வோரின் பணத்தைத் தின்று வளர்ந்தது என்றது. இரு தரப்பும் ஓர் உண்மையை ஒப்புக்கொண்டன: சுவர் இல்லாமல் இந்த ஆலைகள் இல்லை. அந்தச் சுவர் எப்போது, எப்படிக் கட்டப்பட்டது என்பதில்தான் போதிய கவனம் விழவில்லை. முதல் பெட்டி வந்த காலத்தில் அந்தச் சுவர் இன்னும் முழங்கால் உயரம்தான்.

டெட்ராய்ட்டில் நடந்தது

ஹைலண்ட் பார்க்கில் 1913 ஏப்ரலில் தொடங்கிய சோதனையை நெருக்கமாகப் பார்ப்பது அவசியம். ஆக்லாந்தில் எது வந்தது, எது வரவில்லை என்று பிரித்துக் காட்ட அது உதவும். மாடல் டி எஞ்சினின் தீப்பொறிக்கு மின்சாரம் தரும் மாக்னெட்டோவை அதுவரை ஒரே தொழிலாளி தன் மேசையில் உட்கார்ந்து முழுமையாகச் சேர்ப்பார். ஒன்றுக்குச் சுமார் 20 நிமிடம் பிடிக்கும். அந்த வேலையை 29 கூறுகளாக உடைத்து, 29 பேரை வரிசையாக நிறுத்தினார்கள். ஒருவர் ஒரு திருகாணியை வைத்துத் தள்ளுவார், அடுத்தவர் அதை முடுக்குவார். நேரம் 13 நிமிடத்துக்குச் சற்று மேல் என்று குறைந்தது. வரிசையின் உயரத்தைக் கூட்டி, சங்கிலி பூட்டி நகர்த்தியபின் 5 நிமிடத்துக்கு வந்தது. அடுத்த ஆண்டுக்குள் முழுச் சேசிஸைப் பூட்டும் நேரம் பன்னிரண்டரை மணியிலிருந்து 93 நிமிடமானது.

இந்த அதிசயத்துக்கு இரண்டு அடிப்படைகள் தேவைப்பட்டன. ஒன்று, அரம் போட்டுச் சீராக்க வேண்டிய தேவையே இல்லாமல் ஒன்றுபோல் அமையும் உறுப்புகள். அவற்றைக் கடைந்தெடுக்கும் இயந்திரங்கள் ஹைலண்ட் பார்க்கில் ஆயிரக்கணக்கில் இருந்தன. இரண்டு, நிற்காமல் ஓடும் அளவுக்குத் தேவை. மாடல் டி மொத்தம் ஒன்றரைக் கோடி விற்றது. ஆக்லாந்துக்கு வந்தது முதல் அடிப்படையின் பலன் மட்டும்: ஒன்றுபோல் அமையும் உறுப்புகள். இரண்டாவது, மொத்த மக்கள்தொகையே பதினைந்து லட்சத்தை எட்டாத ஒரு நாட்டில் வரவே வழியில்லை. 1920களில் நியூசிலாந்தின் நிலை அதுதான்.

உறுப்புகள் ஒன்றுபோல் இருந்ததால்தான் காரைப் பிரித்து அனுப்புவது சாத்தியமாயிற்று. இதையும் ஃபோர்டு முதலில் செய்தது அமெரிக்காவுக்குள்ளேயே. முழுக்காரை ரயில் பெட்டியில் ஏற்றினால் காற்றுக்கும் சேர்த்துக் கூலி கொடுக்க வேண்டும். பிரித்து அடுக்கினால் அதே பெட்டியில் பல மடங்கு கொள்ளும். கன்சாஸ் சிட்டி தொடங்கி நகரத்துக்கு நகரம் கிளை ஆலைகள் எழுந்தன. அவற்றுக்கும் அவை இருந்த மாநிலங்களின் தீர்வைக்கும் சம்பந்தமில்லை. அமெரிக்க மாநிலங்களுக்கிடையே சுங்கம் கிடையாது. ஆகவே பெட்டியின் பிறப்புக்குப் போக்குவரத்துக் கூலியே காரணம் என்ற வாதம் வலுவானது. அதை மறுக்க எனக்கு வழியில்லை. ஆனால் அது பெட்டி வரைக்கும்தான்.

ஆற்றின் மறுகரை

ஆக்லாந்துக்கு வந்த ஃபோர்டுகள் டெட்ராய்ட்டிலிருந்து வந்தவை அல்ல. டெட்ராய்ட் ஆற்றைக் கடந்தால் வரும் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்து வாக்கர்வில் என்ற சிற்றூரிலிருந்து வந்தவை. கார்டன் மெக்ரெகர் என்பவரின் குடும்பத்துக்கு அங்கே ஒரு வண்டிப் பட்டறை இருந்தது. அதை அடிப்படையாக வைத்து 1904 ஆகஸ்டில் கனடா ஃபோர்டு நிறுவனம் உருவானது. ஒப்பந்தப்படி அதற்குக் கிடைத்தது கனடா மட்டுமல்ல. பிரிட்டனும் அயர்லாந்தும் நீங்கலாகப் பிரிட்டிஷ் பேரரசு முழுவதும். ஒரு குதிரைவண்டிப் பட்டறைக்காரர் தென்னாப்பிரிக்கா முதல் இந்தியா வரை, மலாயா முதல் நியூசிலாந்து வரை விற்கும் உரிமையைக் கையில் வைத்திருந்தார்.

இந்த விசித்திரத்தின் காரணம் தீர்வையே. நியூசிலாந்து 1903இல் இயற்றிய சலுகை வணிகச் சட்டம் பேரரசின் பொருள்களுக்குக் குறைந்த தீர்வையும் வெளியாரின் பொருள்களுக்குக் கூடுதல் தீர்வையும் விதிக்கும் பாதையைத் திறந்தது. டெட்ராய்ட்டில் செய்த கார் அந்நியம். எதிர்க்கரையில், போதிய அளவு பேரரசு உழைப்போடும் பொருளோடும் செய்த கார் உறவு. வடிவமைப்பு அதே, வரைபடம் அதே, முதலின் பெரும்பகுதியும் அங்கிருந்தே. ஆற்றின் அகலம்தான் வேற்றுமை. கனடா ஃபோர்டின் நூற்றாண்டு வரலாற்றை ஆராய்ந்த டிமிட்ரி அனஸ்டாகிஸ், அந்நிறுவனம் தொடக்க காலத்தில் கணிசமான தன்னாட்சியோடு இயங்கியதைக் கவனப்படுத்துகிறார். 1923இல் தென்னாப்பிரிக்காவிலும், 1925இல் ஆஸ்திரேலியாவின் ஜீலாங்கிலும், 1926இல் மலாயாவுக்காகச் சிங்கப்பூரிலும், அதே ஆண்டு இந்தியாவிலும் கிளை நிறுவனங்களை அமைத்தது கனடாவே. ஆக்லாந்து ஆலையை ‘அமெரிக்க ஆலை’ என்று அழைப்பவர் இந்த இடைக்கரையை மறந்துவிடக் கூடாது.

பார்னெல்: வண்டிப் பட்டறையும் பெட்டியும்

நியூசிலாந்தில் இந்தப் பெட்டிகளைப் பெற்றுக்கொண்டது கொலோனியல் மோட்டார் கம்பெனி. இதன் வேர் 1859இல் வெலிங்டனில் தொடங்கிய ஒரு குதிரைவண்டிப் பட்டறைக்குப் போகிறது. பின்னர் ரௌஸ் அண்ட் ஹரெல் என்ற பெயரில் வளர்ந்த அந்தப் பட்டறை 1908இல் ஃபோர்டின் முகவரானது. 1911இல் புதுப் பெயர் பெற்றது. முதல் உலகப் போர்க்காலத்தில் ஹோப் கிப்பன்ஸ் குடும்பத்தின் கைக்கு வந்தது.

வண்டிப் பட்டறை கார்த் தொழிலுக்குள் நுழைந்தது தற்செயல் அல்ல. தொடக்க காலத்தில் பல கார்கள் சேசிஸாக மட்டும் இறங்கும். மேலே மரச்சட்டமும் தகடும் தோல் மெத்தையும் கொண்ட பாடியை உள்ளூர்த் தச்சர்கள் கட்டுவார்கள். கரூருக்கு வெறும் சேசிஸாக ஓட்டிவரப்பட்டு முழுப் பஸ்ஸாகத் திரும்பும் வண்டிகளைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. உள்ளூர் பாடி கட்டுவோரின் பிழைப்பைக் காக்கும் வகையில் சேசிஸுக்கு ஒரு விகிதமும் பாடிக்கு வேறொரு விகிதமும் என்று சுங்கப் புத்தகம் பிரித்துப் பார்த்தது. ஆலை வருமுன்பே தீர்வையின் விரல் காரின் மேல் இருந்தது என்பதற்கு இதுவே சான்று.

கொலோனியல் மோட்டார் கம்பெனி வெலிங்டனின் கோர்ட்னி பிளேஸில் 1922இல் கட்டி முடித்த ஒன்பது மாடிக் கட்டடம் நின்று பார்க்கத் தக்கது. அன்றைய வெலிங்டனில் அது வானுயரம். ஹைலண்ட் பார்க்கில் கட்டடக் கலைஞர் ஆல்பர்ட் கான் வடிவமைத்த மாடிக் கட்டடங்களில் பொருள்கள் மேலே ஏறி, வேலை கீழ்நோக்கி இறங்கிவரும். நகரத்து விலையுயர்ந்த நிலத்தில் எழுந்த அமெரிக்கக் கிளை ஆலைகளும் அப்படியே. வெலிங்டன் கட்டடம் அந்த மாதிரியைப் பின்பற்றியது. இங்கேதான் ஒரு முரண். அதே ஆண்டுகளில் ஃபோர்டு அந்த மாதிரியைக் கைவிட்டுக்கொண்டிருந்தார். ரூஜ் ஆலையில் எழுந்தவை ஒற்றைத் தளமாகப் பரந்துகிடக்கும் கூடங்கள். 1927இல் மாடல் டி முடிந்து மாடல் ஏ வந்தபோது பொருத்தும் வரிசை அங்கே போய்விட்டது. உலகின் ஓரத்தில் நவீனத்தின் கோபுரமாக எழுந்தது மையத்தில் பழசாகிக்கொண்டிருந்த வடிவம். தொழில்நுட்பம் பரவும்போது நேரும் இந்தத் தாமதத்தை வெற்றிக் கதைகள் கண்டுகொள்வதில்லை.

வெலிங்டனைத் தவிர, தெற்குத் தீவின் திமாருவிலும் ஆக்லாந்தின் பார்னெலிலும் சிறிய ஆலைகள் இருந்தன. பார்னெல் சரியான தேர்வு. சரிவின் கீழே கடலைத் தூர்த்து எடுத்த நிலம், ரயில் பாதை, துறைமுகம். கப்பலிலிருந்து இறங்கும் பெட்டி நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. ஒன்பது மாடியின் பகட்டு இங்கில்லை. ஆனால் வேலை அதே: எஞ்சினும் கியரும் முழுமையாக வரும், சட்டம், அச்சு, சக்கரம், பாடித் தகடுகள் அடுக்கி வரும். பிரித்து, பூட்டி, ஓட்டிப் பார்த்து, விற்பனையாளரிடம் ஒப்படைக்க வேண்டும். பெட்டியின் பலகைகளும் வீணாகவில்லை. கார்ப் பெட்டிப் பலகையில் கட்டிய கொட்டகைகளும் கடற்கரைக் குடில்களும் நியூசிலாந்தில் ஒரு தலைமுறை முழுக்கச் சாதாரணக் காட்சி.

அமெரிக்க வகைக் கார்களை அந்நாட்டார் விரும்பியதற்குத் தீர்வையைக் காரணம் சொல்ல முடியாது என்பதையும் இங்கே குறித்துவிட வேண்டும். பிரிட்டனில் காருக்கு வரி அதன் சிலிண்டர் விட்டத்தை வைத்துக் கணக்கிட்ட குதிரைத்திறனுக்கு ஏற்ப விதிக்கப்பட்டது. அதனால் பிரிட்டிஷ் எஞ்சின்கள் ஒடுங்கிச் சிறுத்தன. ஆக்லாந்துக்கு வடக்கே களிமண் சேறாகும் சாலைகளில், செங்குத்து மேடுகளில், தரையிலிருந்து உயர்ந்து நிற்கும், இழுவை மிகுந்த வட அமெரிக்கக் கார்களே தாக்குப்பிடித்தன. 1920களில் இறங்கிய கார்களில் அவற்றின் கையே ஓங்கியிருந்தது. ஜெனரல் மோட்டார்ஸ் 1926இல் வெலிங்டன் அருகே பெட்டோனியில் ஆலை திறந்து ஷெவர்லே, போன்டியாக், பியூக் கார்களைப் பூட்டத் தொடங்கியதற்கு இந்தச் சந்தையே காரணம்.

வெண்ணெய்ச் சண்டை

1930இல் கனடா தன் பால் பண்ணையாளர்களைக் காக்க நியூசிலாந்து வெண்ணெய்க்கான தீர்வையை உயர்த்தியது. ஆக்லாந்துக்குத் தெற்கே வைக்காட்டோ சமவெளியின் பிழைப்பே வெண்ணெய். நியூசிலாந்து 1931இல் பதிலடியாகக் கனடாப் பொருள்களுக்கான பேரரசுச் சலுகையை எடுத்துவிட்டது. அந்தப் பொருள்களில் முதன்மையானது கார். மாட்டுக்கும் மோட்டாருக்கும் ஒரே தராசு. 1932இல் இரு நாடுகளும் சமாதான ஒப்பந்தம் செய்துகொண்டன. ஆனால் ‘உறவுக் கார்’ என்ற ஏற்பாடு எத்தனை மெல்லிய நூலில் தொங்கியது என்பது அதற்குள் வெளிப்பட்டுவிட்டது.

அதே 1932இல் ஒட்டாவாவில் கூடிய பேரரசு மாநாடு பிரிட்டிஷ் பொருள்களுக்கான சலுகையை இன்னும் இறுக்கியது. மந்த நிலையில் சிறிய, பெட்ரோல் குறைவாகக் குடிக்கும் காருக்குத் தேவையும் எழுந்தது. ஃபோர்டுக்கு இதில் நட்டமில்லை. 1931இல் இங்கிலாந்தின் டாகனமில் பெரிய ஆலையைத் திறந்திருந்தது. ஹட்சன், எஸ்செக்ஸ் என்று அமெரிக்கக் கார்களை விற்றுவந்த டொமினியன் மோட்டார்ஸ் பிரிட்டனின் மாரிஸ் பக்கம் சாய்ந்து, பின்னர் ஆக்லாந்தின் நியூமார்க்கெட்டில் பொருத்தும் ஆலை நடத்தியது.

1934இல் வந்த புதிய தீர்வை அட்டவணைதான் உண்மையான திருப்பம். முழுக்காருக்கும் முற்றாகப் பிரித்த பொதிக்கும், தொழிலில் ‘சி.கே.டி.’ என்று சொல்வதற்கும், இடையிலான தீர்வை வித்தியாசம் உள்ளூரில் பொருத்துவதை லாபமாக்கியது. அடுத்தடுத்து நடந்ததைப் பாருங்கள்: 1935இல் பெட்டோனியில் டாட் மோட்டார்ஸ் ஆலை, 1936இல் ஃபோர்டு தானே நியூசிலாந்து நிறுவனத்தை அமைத்து வெலிங்டன் அருகே சீவியூவில் ஆலை திறக்கிறது. அதோடு கொலோனியல் மோட்டார் கம்பெனியின் பொருத்தும் காலம் முடிந்தது. பார்னெலிலும் ஃபோர்டு வரிசை நின்றது. கப்பல் கூலி இந்த ஆண்டுகளில் திடீரென மாறிவிடவில்லை. மாறியது அட்டவணை. கூலி வாதத்தின் எல்லை இங்கே தெளிவாகிறது.

உரிமச் சீட்டின் ஆட்சி

1938 டிசம்பரில், அந்நியச் செலாவணி கரைந்துகொண்டிருந்த நிலையில், தொழிற்கட்சி அரசு இறக்குமதி உரிம முறையைக் கொண்டுவந்தது. நிதிக்கும் சுங்கத்துக்கும் அமைச்சராக இருந்தவர் ஒருவரே, வால்டர் நாஷ். தீர்வை என்பது விலையேற்றம், பணமிருந்தால் தாண்டலாம். உரிமம் என்பது பூட்டு. அடுத்த அரை நூற்றாண்டு நியூசிலாந்தின் கார்களை ஆண்டது இந்தச் சீட்டுதான். புதுக் காருக்கு ஆண்டுக்கணக்கில் காத்திருப்பு. வெளிநாட்டில் பணம் வைத்திருந்தவருக்குக் குறுக்கு வழி உண்டு. அதனால் கம்பளியை லண்டனில் விற்ற பண்ணையாருக்கு எளிதாகக் கிடைத்த கார், ஆக்லாந்தின் பள்ளி ஆசிரியருக்குக் கிடைக்கவில்லை. ஓட்டிய கார் புதுக் காரைவிட அதிக விலைக்குப் போனது. பஜாஜ் ஸ்கூட்டருக்குப் பதிந்துவிட்டுக் காத்திருந்த தலைமுறைக்கு இந்த வேடிக்கை புரியும்.

இந்தக் காலத்தில் ஆக்லாந்து மறுபடி மையத்துக்கு வந்தது. ஆக்லாந்தின் மவுண்ட் வெலிங்டன் பகுதியில் மாரிஸ் கார்கள். நகரின் தெற்கே ஓட்டாஹுஹுவில் 1954 முதல் ஃபோக்ஸ்வாகன் வண்டு. அதே கூரையின் கீழ் 1958 முதல் 1962 வரை அமெரிக்காவின் ராம்ப்ளர் கார்களும் பூட்டப்பட்டன. பிறகு அந்த வேலை 1964இல் தேம்ஸ் நகரில் திறந்த ஆலைக்குப் போனது. ஜெர்மன் காரும் அமெரிக்கக் காரும் ஒரே கொட்டகையில் உருவாவது டெட்ராய்ட்டுக்காரருக்குப் பைத்தியக்காரத்தனமாகப் படும். ஆனால் இங்கே விலை மதிப்புடையது உற்பத்தித் திறன் அல்ல, உரிமம். கையில் உள்ள உரிமத்துக்கு ஏற்ற பொதியை வாங்கு, இருக்கும் ஆட்களை வைத்துப் பூட்டு.

இந்த உரிமத் தர்க்கத்தின் உச்சம் டிரெக்கா என்ற வண்டி. 1966 டிசம்பரில் ஓட்டாஹுஹுவில் வெளியானது. செக்கோஸ்லோவாகியாவின் ஸ்கோடா ஆக்டேவியாவின் எஞ்சினையும் அடித்தளத்தையும் எடுத்து, அதன்மேல் உள்ளூரில் மடித்த தகட்டால் பாடி கட்டினார்கள். பார்வைக்கு லேண்ட் ரோவர். இழுவை பின்சக்கரத்தில் மட்டும். பண்ணை வண்டி என்ற பெயரும் உள்ளூர்ப் பங்கு கூடுதல் என்ற தகுதியும் சேர்ந்து அதற்கு வழிவிட்டன. பனிப்போர்க் காலத்தில் ஒரு கம்யூனிச நாட்டின் எஞ்சினோடு ‘நியூசிலாந்தின் சொந்த வண்டி’ ஓடியது. 1973இல் நின்றபோது மொத்தம் மூவாயிரத்துக்குள்தான் தயாராகியிருந்தன. சட்ச் கனவு கண்ட ஆழமான உற்பத்தி இதுவா என்று கேட்டால், இல்லை என்றே சொல்வேன். சுங்க அட்டவணையின் இடுக்கில் முளைத்த செடி இது. அந்த இடுக்கு மூடியதும் வாடியது.

ஆனாலும் இந்தக் காலத்தை வெறும் வீண் என்று தள்ளிவிட முடியாது. உள்ளூர்ப் பங்கு என்ற விதியால் மின்கலம், டயர், கண்ணாடி, சாயம், கம்பளி விரிப்பு எனப் பல தொழில்கள் பொருத்தும் ஆலையைச் சுற்றி வளர்ந்தன. கிராமப்புறங்களிலிருந்து நகரத்துக்கு வந்த மாவோரி மக்களுக்கும், சமோவா, டோங்கா போன்ற தீவுகளிலிருந்து வந்தவர்களுக்கும் தெற்கு ஆக்லாந்தின் தொழிற்சாலைகள் வாழ்வாதாரம். மாங்கெரே, ஓட்டாரா போன்ற குடியிருப்புகள் இந்த ஷிஃப்டுகளோடு சேர்ந்து வளர்ந்தவை. நுகர்வோர் கொடுத்த கூடுதல் விலையை மட்டும் கூட்டிக் காட்டும் பொருளாதார வாதம், அந்தப் பணம் யார் அடுப்பை எரித்தது என்ற கேள்வியைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

சென்னை என்ற உரைகல்

ஒரே ஊரை மட்டும் வைத்து வாதிடுவது ஆபத்து. நல்லவேளையாக ஒப்பிட இன்னோர் ஊர் இருக்கிறது. அதே வாக்கர்வில் பெட்டி போய்ச் சேர்ந்த ஊர். கனடா ஃபோர்டின் இந்தியக் கிளை பம்பாயிலும் கல்கத்தாவிலும் சென்னையிலும் கார்களைப் பூட்டியது. ஜெனரல் மோட்டார்ஸ் 1928இல் பம்பாயின் சேவ்ரியில் தொடங்கியது. பார்னெலில் நடந்த வேலைக்கும் சென்னையில் நடந்ததற்கும் அடிப்படையில் வேறுபாடில்லை.

பிரிவு 1950களில் நேர்ந்தது. 1953இல் இந்தியத் தீர்வை ஆணையம், படிப்படியாக உறுப்புகளையும் இங்கேயே செய்யும் திட்டமில்லாமல் வெறுமனே பொருத்துகிற நிறுவனங்கள் வெளியேறட்டும் என்ற நிலையை எடுத்தது. ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் கிளம்பின. 1948இல் உருவாகி ஆஸ்டின் கார்களைப் பூட்டிய அசோக் மோட்டார்ஸ், எண்ணூரில் அசோக் லேலண்டாகி லாரிக்கு மாறியது. ஸ்டாண்டர்டு மோட்டார் வண்டலூர்ப் பக்கம் நின்று ஹெரால்டு செய்தது. நியூசிலாந்து ‘பொருத்து, கொஞ்சம் உள்ளூர்ப் பங்கு சேர்’ என்றது; இந்தியா ‘செய், இல்லையேல் போ’ என்றது. இரண்டு நாட்டு மக்களும் வரிசையில் நின்றார்கள், இரண்டு நாட்டிலும் கார் மோசமாகவும் விலை அதிகமாகவும் இருந்தது. ஆனால் சென்னையைச் சுற்றி வார்ப்பு, கடைசல், பிரேக், பிஸ்டன் வளையம் என்று செய்யும் கைகள் மிஞ்சின. அம்பத்தூரும் பாடியும் அதற்குச் சாட்சி.

இதிலிருந்து இந்தியாவின் வழியே சிறந்தது என்று முடிவுகட்டுவது அவசரம். சந்தையின் அளவு ஒப்பிட முடியாதது. ஆழமாக உற்பத்தி செய்த ஆஸ்திரேலியாவும் இறுதியில் தப்பவில்லை. ஃபோர்டு 2016இலும், டொயோட்டாவும் ஹோல்டனும் 2017இலும் அங்கே கார் செய்வதை நிறுத்தின. சென்னையிலும் ஃபோர்டு 1995இல் மஹிந்திராவோடு திரும்பிவந்து, மறைமலை நகரில் ஆலை கட்டி, 2021 செப்டம்பரில் வெளியேற்றத்தை அறிவித்து, 2022 ஜூலையில் கடைசிக் காரை வெளியே விட்டது. திரும்பிவந்ததற்குக் காரணம் முழுக்காருக்கு இந்தியா வைத்திருந்த உயர்ந்த தீர்வை. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998இல் சான்ட்ரோவை வெளியிட்டதன் பின்னாலும் அதே சுவர் நின்றது.

வீரி, 1998

அந்த 1998இல்தான் ஆக்லாந்தில் சுவர் விழுந்தது. முன்பே விரிசல் கண்டிருந்தது. 1984இல் கார்த் தொழிலுக்கான சீரமைப்புத் திட்டம் வந்தது. 1987 முதல் ஜப்பானிலிருந்து ஓட்டிய கார்கள் கப்பல் கப்பலாக இறங்கத் தொடங்கின. 1989இல் கார்களுக்கான உரிம முறை ஒழிந்தது. நகரின் தெற்கு ஓரத்தில் வீரி என்ற இடத்தில் இருந்த ஃபோர்டு ஆலை, மஸ்டாவோடு 1987இல் கூட்டுச் சேர்ந்து இரண்டு பெயர்க் கார்களையும் ஒரே வரிசையில் பூட்டிப் பார்த்தது. சீவியூ ஆலை 1988இல் மூடப்பட்டது. வீரிக் கூட்டு ஆலை 1997இல் நின்றது. 1998 மே மாத வரவு-செலவுத் திட்டம் கார்களுக்கான தீர்வையை முற்றாக நீக்கியது. மிட்சுபிஷியின் போரிருவா ஆலை ஜூனில், வீரியிலிருந்த நிசான் ஆலை ஜூலையில், ஹோண்டாவின் நெல்சன் ஆலை ஆகஸ்டில், டொயோட்டாவின் தேம்ஸ் ஆலை அக்டோபரில். ஏறக்குறைய மாதத்துக்கு ஒன்று என்ற கணக்கில் கதவுகள் மூடின.

கூலி வாதத்துக்கு இது கடைசிச் சோதனை. பிரித்த பொதி முழுக்காரைவிட இடம் குறைவாகப் பிடிப்பது 1998இலும் உண்மைதான். ஆனால் காரை நேராக ஓட்டி ஏற்றி இறக்கும் கப்பல்கள் அதற்குள் வந்துவிட்டன. பெட்டி கட்டும் செலவும் பிரிக்கும் கூலியும் சேர்ந்தால் மிச்சம் ஒன்றுமில்லை. தீர்வை வித்தியாசம் மறைந்ததும் பெட்டியைத் திறப்பதற்கான காரணமே மறைந்தது.

ஆலைகளைக் காத்தது சுங்கப் புத்தகம்தான் என்பது சரியானால், அதன் தயவில்லாமல் நின்றது எது என்பதையும் காட்ட வேண்டும். இரண்டு தெரிகின்றன. ஃபோர்டு வீரியில் நடத்திய அலாய் சக்கர வார்ப்பாலை, பொருத்தும் வரிசை நின்ற பிறகும் சில ஆண்டுகள் ஆஸ்திரேலிய ஆலைகளுக்குச் சக்கரம் அனுப்பியது. 1983இல் இரு நாடுகளும் செய்துகொண்ட நெருக்கப் பொருளாதார உறவு ஒப்பந்தம் அதற்குக் கதவு திறந்திருந்தது. மற்றொன்று பஸ் பாடி கட்டும் தொழில். ஆக்லாந்திலிருந்து சில மணி நேரப் பயணத்தில் இருக்கும் தவுரங்காவின் பட்டறை உட்பட, நியூசிலாந்தில் இறக்குமதி சேசிஸின்மேல் பாடி கட்டுவது 1998க்குப் பிறகும் தொடர்ந்தது. உள்ளூர்ச் சாலையின் அகலம், நகராட்சி கேட்கும் இருக்கை எண்ணிக்கை, அச்சுச் சுமை விதி என்று ஒவ்வொரு வண்டிக்கும் தனித் தேவை இருக்கும்வரை, தச்சரும் தகட்டுக்காரரும் வெளியூர் வரிசையோடு போட்டியிட முடிகிறது.